அம்சாவின் பட்டி விதை

அம்சாவைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்த ஊரில் கிடையாது. எனக்கு அவள்மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எங்கேயாவது அவளைக் குறைத்துப் பேசினால், ரேணுகாம்பாளுக்கு வயிறு எரிகிறது என்று நீங்களே கழித்துக்கொள்ளலாம்.

திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயிலைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஒரு நாற்றுப்பண்ணை இருக்கிறது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற கிறிஸ்டோபர் சார் நடத்துவது. ஏரிகளில் சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கிப் போட்ட இடங்களில் வைப்பதற்காக, நம் மண்ணின் வேல மரங்களை வளர்த்துக் கொடுப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. நாட்டுக் கருவேல், வெள்வேல், குடைவேல், கருங்காலி. பேரில்தான் சீமைக்கருவேலுக்கும் கருவேல் இருக்கிறதே தவிர, அதற்கும் இவற்றுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அது வந்த இடத்தில் வேறு எதையும் வாழவிடாது. எங்கள் பண்ணையில் வேலிக்குப் பக்கத்தில் அது ஒரு முளை விட்டாலும் சார் தானே குனிந்து பிடுங்குவார். அவருக்கு முட்டிவலி வேறு.

அங்கே எனக்கு இது ஒன்பதாவது வருடம். பிளஸ் டூ வரை படித்தவள் நான். பையில் மண் நிரப்பச் சேர்ந்தேன். சார் பின்னாலேயே நடந்து நடந்து மரம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பழகாதவர்களுக்கு வேல மரமெல்லாம் ஒன்றுதான், முள்ளும் பொடி இலையும். எனக்கு அப்படியில்லை. நாட்டுக் கருவேலுக்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தது போல நடுநடுவே இடுங்கிய காய். வெள்வேலுக்கு வெளுத்த பட்டை, கொத்துக்கொத்தாக வெளிர் பூ. குடைவேலுக்குச் சுருண்ட காய். விதை எடுக்கத் தகுந்த மரத்தை சார் தாய்மரம் என்பார். அதில் சிவப்பு பெயின்டால் எண் போட்டு, எந்த ஊர், எந்தக் கரை, எந்த மாதம் காய் பழுக்கும் என்று நோட்டில் எழுதுவது நான். அறுபத்துநான்கு மரங்கள் என் கையெழுத்தில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து யார் வந்து எதைக் கேட்டாலும் சார், "ரேணுகாவ கேளுங்க" என்பார். வீட்டில் என்னைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான், சாப்பாடு ஆயிற்றா என்று. ஆகவே சாரின் அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அந்த வாக்கியத்தைத்தான் அம்சா எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் எங்கள் ஊர்க் காலனியில் பிறந்தவள். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அவள் அப்பா எங்கள் வீட்டு ஆடுகளை மேய்த்தவர். சாயங்காலம் ஆடுகளைக் கொண்டுவந்து கட்டிவிட்டு அவர் கொல்லைப் பக்கம் நிற்கும்போது, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தேன். அவருக்குக் கண் மங்கியதும் அந்தப் பெண் ஐந்தாம் வகுப்போடு நின்று ஆட்டுக்குப் பின்னால் போனாள். எங்கள் ஆடுகளுக்குப் பின்னால்தான். நான் படித்ததற்கும் அவள் படிக்காததற்கும் இடையில் எங்கள் ஆடு நிற்கிறது. இதை நான் அந்த நாளில் நினைத்துப் பார்த்தது கிடையாது.

பத்தொன்பது வயதில் முனிசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். அவர் முழங்கையைப் பார்த்தே அந்த வாரம் எந்த நிறப் புடவைக்குக் கிராக்கி என்று சொல்லிவிடலாம். கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது இரண்டு பெட்டை ஆடுகள். அவை இன்றைக்குப் பதினான்கு. ஒரே மகள் சுகாசினி நர்சிங் படிக்கிறாள். ஆடுதான் படிக்க வைக்கிறது என்று அம்சா சொல்வாள், சொல்லிவிட்டு அதையே பெரிய வேடிக்கையாக நினைத்துச் சிரிப்பாள்.

பெருமழை பெய்த அந்த டிசம்பரில் அவள் செய்ததை ஊரில் இன்னும் பேசுகிறார்கள். காலனி முழுக்க முழங்கால் தண்ணீர். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் ஏற்றிவிட்டாள். தலைமையாசிரியர் சத்தம் போட்டார். அவள் பதில் பேசாமல் ஒவ்வொரு நாளும் வராந்தாவைக் கழுவிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் போய் வெள்வேல் கிளைகளை வெட்டி வந்து போட்டாள். ஆறு நாள். ஒரு குட்டிகூடச் சாகவில்லை. ஏழாம் நாள் தலைமையாசிரியரே குட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாராம். இப்படித்தான் அவள். யாரோடும் சண்டை போட மாட்டாள், ஆனால் கடைசியில் அவள் நினைத்ததுதான் நடக்கும். பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் பண்ணைக்குப் பை நிரப்ப வந்தாள். காலையில் பண்ணை, மத்தியானத்துக்குமேல் ஆடு. முதல் மாதமே என் முகத்தில் கரியைப் பூசினாள்.

சென்னையிலிருந்து மாணவர்கள் வந்திருந்தார்கள். சார் எங்களையும் கூட்டிக்கொண்டு சாலையோரம் மரம் காட்டப் போனார். இலை உதிர்ந்த இளமரம் ஒன்று நின்றது. "ரேணுகாவ கேளுங்க" என்றார். தூரத்திலேயே பட்டை வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு அருகில் போய்ப் பார்த்திருக்கலாம். மாணவர்கள் முன்னால் எதற்குக் கண்ணாடி என்று நின்ற இடத்திலிருந்தே, "வெள்வேல்" என்றேன். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

பின்னால் கூடையோடு நின்ற அம்சா மெதுவாகச் சொன்னாள். "கருங்காலி மாரி இருக்குதுக்கா."

"பட்டை வெள்ளையா இருக்குது, தெரியல?"

"அது ஜல்லி லாரி தூசிக்கா. முள்ள பாருங்க, கீழ வளைஞ்சிக்கினு இருக்குது. வெள்வேல் முள்ளு நேரா நிக்கும். இது புடவய புடிச்சா உடாது."

சார் போய் விரலால் பட்டையைத் துடைத்தார். கீழே கருஞ்சிவப்பு. முள் கொக்கி போல வளைந்திருந்தது. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மாணவர்களிடம், "பார்த்தீங்களா, தொட்டுப் பாக்காம பேரு சொல்லக்கூடாது" என்றார். எனக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. மாணவர்கள் அடித்து எழுதினார்கள். அந்தப் பேனாக்களின் சத்தம் என் காதில் ரொம்ப நாள் இருந்தது.

அதற்குப் பிறகு விதை. கருவேல் விதைக்கு ஓடு கெட்டி. காயை உலர்த்தி, அடித்து, விதை எடுத்து, வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்து நான் போடுவேன். நூறு போட்டால் முப்பது முளைக்கும், நல்ல வருடத்தில் நாற்பது. அதுதான் வழக்கம் என்று இருந்தோம். அம்சா ஒரு நாள் முந்தானையில் முடிந்து கொஞ்சம் விதை கொண்டுவந்தாள்.

"பட்டில கெடந்துதுக்கா. போட்டுப் பாக்கலாமா?"

ஆடு கருவேல் காயை விரும்பித் தின்னும். ராத்திரி பட்டியில் படுத்து அசைபோடும்போது கெட்டியான விதைகளைத் துப்பிவிடும். மீதி புழுக்கையோடு வரும். ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்த விதைக்கு ஓடு இளகியிருக்கும். நூறு போட்டதில் எண்பத்தொன்று முளைத்தது. சார் மூன்று முறை எண்ணினார். நான் அவருக்குத் தெரியாமல் நான்காவது முறை எண்ணினேன். எண்பத்தொன்றுதான்.

அன்றிலிருந்து யாராவது விதை என்று வாயைத் திறந்தால் சார், "அம்சாவ கேளுங்க" என்றார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் அறுபத்துநான்கு மரத்துக்கு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். அவளுக்கு நோட்டும் கிடையாது, பேனாவும் கிடையாது. காயை எடுத்து ஒடித்துப் பார்ப்பாள், கணு பட்டென்று விட்டால் பழுத்தது என்பாள். மரத்தடியில் செருப்பில்லாமல் நடப்பாள். முள் அவளை விட்டுவிட்டு என் காலைத் தேடி வந்து குத்தும். அவள் வந்தால் பண்ணைப் பெண்கள் சாப்பாட்டு டப்பாவை நகர்த்தி இடம் விடுவார்கள். நான் வந்தால் எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்பது மரியாதை என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் விடவில்லை. என் வீட்டுக்காரர் பரசுராமன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பண்ணைக்கு வந்தவர்கள் யாரோ அவர் வண்டியில் ஏறிப் பேசியிருக்கிறார்கள்.

"அந்த அம்சாவுக்கு நல்ல கைராசியாமே. எது போட்டாலும் மொளைக்குதாம்" என்றார்.

"ஆடு வாய்ராசி அது" என்றேன்.

"எதுவோ ஒன்னு. மொளைக்குதில்ல?"

அன்றைக்கு அவருக்குத் தோசைக்குச் சட்னி கிடையாது.

போன சித்திரையில் பெரிய வேலை ஒன்று வந்தது. பக்கத்து ஒன்றியத்தில் ஓர் ஏரியில் சீமைக்கருவேலை முழுக்க எடுத்துவிட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன் மூன்றாயிரம் நாட்டுக் கருவேல் நாற்று வேண்டும். சார் எங்களைக் கூப்பிட்டுப் பாதி பாதியாகப் பிரித்தார். நாலாம் பாத்தி எனக்கு, ஐந்தாம் பாத்தி அவளுக்கு. இரண்டு பாத்திக்கும் முன்னால் எங்கள் பேர் எழுதிய தகரப் பலகை. "யாரோட பாத்தி நல்லா வருதோ, அவங்க கையில விதை அறையக் கொடுக்கப்போறேன். எனக்கு வயசாகுது. இனிமே விதைக்கு அவங்கதான்" என்றார்.

விதை அறை என்றால் தாய்மர நோட்டு, சல்லடை, டப்பாக்கள், சாவி. அந்தச் சாவி அவளிடம் போய்விட்டால் நான் மறுபடி பை நிரப்புகிறவள்தான்.

வெந்நீர் விதையோடு போனால் தோற்பேன் என்று தெரியும். பட்டி விதைதான் வேண்டும். அம்சாவிடம் கேட்டால் கொடுப்பாள். எப்படிச் செய்வது என்றும் சொல்லிக்கொடுப்பாள். அதுதான் எனக்கு வேண்டாம். பாலாற்றுப் பக்கம் வேறு ஓர் ஊரில் துளசி என்று ஆடு வைத்திருக்கும் பெண்ணைத் தெரியும். ஆட்டோவில் போய், அவள் பட்டியைக் கூட்டி இரண்டு மூட்டை அள்ளிக்கொண்டு வந்தேன். பாதி நாள் உட்கார்ந்து அலசி, விதையைப் பிரித்து, சாம்பல் போட்டுப் புரட்டிக் காயவைத்தேன். சின்னதாக, வெளுத்த பழுப்பில் நிறைய விதைகள் கையில் பட்டன. பட்டது எனக்குத் தெரியும். மழையில்லாத வருடம், விதை சிறுத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விதை போடும் அன்று அம்சா என் தட்டைப் பார்த்தாள்.

"பட்டி வெதயாக்கா?"

"ஏன், உன் ஆடு மட்டுந்தான் துப்புமா?"

அவள் சிரித்தாள். பிறகு, "பட்டிய எப்பக்கா கூட்டுனாங்க? அதுக்கு முன்னாடி இன்னா தின்னுதுங்க?" என்று கேட்டாள்.

"உன் வேலயப் பாரு அம்சா" என்றேன். அவள் தன் பாத்திக்குப் போய்விட்டாள்.

பதினைந்து நாளில் என் பாத்தி எழுந்தது. இரண்டு விதையிலையோடு முளை முளையாக. அந்தச் சந்தோஷத்தை நான் ஒளிக்கப் போவதில்லை. சாவி என் இடுப்பில் தொங்குவது போலவே நடந்தேன். இன்னும் ஒரு மாதம் போனதும் அதைவிட நல்ல காட்சி. என் பாத்தியில் ஒரு பை காலியில்லை. அம்சாவின் பாத்தியில் பாதிக்குமேல் வெறும் பைகள், பல் விழுந்த வாய் மாதிரி. சார் வந்து பார்த்துவிட்டு, "என்ன அம்சா, இந்தத் தடவ இப்டி ஆயிடுச்சு?" என்றார். அவள் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியல சார். எறும்பு தின்னுடுச்சா இன்னாவோ" என்றாள். நான் திரும்பி நின்று சிரித்தேன். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். பரசுராமன் என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மா என்றேன்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் பண்ணைக்குப் போய்விட்டேன். வழக்கமாக எட்டு மணிக்குத்தான் போவேன். அன்று பரசுராமனுக்கு விடியற்காலைச் சவாரி இருந்தது, வழியில் இறக்கிவிட்டார். வாசல் திறந்திருந்தது. நாலாம் பாத்தியில் அம்சா உட்கார்ந்திருந்தாள். என் பையிலிருந்து நாற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாற்று அல்ல. பக்கத்தில் ஒரு கூடையே இருந்தது.

இத்தனை நாளாக நான் அவள்மேல் பட்ட பொறாமை, இப்போது அவள் என்மேல் படுகிறாள் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், கோபத்துக்கு நடுவிலும் அதில் எனக்கு ஓர் இனிப்பு இருந்தது. கத்தினேன். பண்ணையிலேயே தங்கியிருக்கும் சார் ஓடி வந்தார். அப்போதுதான் வேலைக்கு வந்து நுழைந்த நாலு பெண்களும் வந்து நின்றார்கள்.

"பாருங்க சார், என் பாத்திய அழிக்கறா. கையும் களவுமா புடிச்சேன்."

"என்ன அம்சா இது?" என்றார் சார்.

அவள் எழுந்து நின்று கூடையைக் காலால் பின்னால் தள்ளினாள். "களை எடுத்தேன் சார்."

"களையா? நாத்தப் புடுங்கிட்டு களையாம். உன் பாத்தி பல்லிளிக்குதுன்னு என் பாத்தில கை வைக்கறியா? உங்கப்பன் எங்க வீட்டு ஆட்ட மேய்ச்சவன். அந்த நன்றி இருந்தா இப்டிச் செய்வியா?"

சொல்லிவிட்டேன். நாலு பேருக்கு முன்னால், அந்தச் செத்துப்போன மனிதரை அவன் இவன் என்று இழுத்துச் சொல்லிவிட்டேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்சாவின் முகம் மட்டும் மாறவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தாள்.

அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று சார் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. "சரி. நீ கொஞ்ச நாள் விதைப் பக்கம் வராத. பை நெரப்பற எடத்துக்குப் போ" என்றார். பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவ்வளவுதான். நான் கேட்டது கையில் வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும், அவள் பிடுங்கியதில் உயிர் இருப்பதை எடுத்து மறுபடி ஊன்றலாம் என்று கூடையைக் கவிழ்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன். முதல் நாற்றை எடுத்தேன். நாட்டுக் கருவேல் நாற்றின் இலை பொடிப்பொடியாக இருக்கும், காம்புக்குப் பல கிளை பிரியும். இதில் இலை நீளம், பளபளப்பு, காம்புக்கு ஒரே ஒரு ஜோடிக் கிளை. இன்னொன்றை எடுத்தேன். இன்னொன்று. கூடை முழுக்கச் சீமைக்கருவேல்.

துளசியின் ஆடுகள் வெயில் காலத்தில் ஆற்றோரம் கிடைத்த சீமைக்கருவேல் காயைத்தான் வயிறு நிறையத் தின்றிருக்கின்றன. பட்டி விதை எடுப்பதென்றால் முதலில் பட்டியைச் சுத்தமாகக் கூட்டி, ஆட்டை எட்டு நாள் வெளியே விடாமல் கட்டி, நாட்டுக் கருவேல் காயை மட்டும் போட வேண்டும். முதல் மூன்று நாள் விழுவதைத் தள்ளிவிட்டு, பிறகு வருவதைத்தான் எடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று அம்சா கேட்டது இதைத்தான். நான் வேலையைப் பார் என்றேன்.

ஆனால் பாத்தியில் நிற்பதெல்லாம் நல்ல நாட்டுக் கருவேலாக இருந்தது. அது எனக்குப் புரியவில்லை. என் விதையில் பாதிக்குமேல் சீமை என்றால் பாத்தி எப்படி நிறைந்தது? வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பாத்திக்கும் மண்ணை வெவ்வேறு நாளில் கலந்தோம். என் பைகளில் செம்மண் தூக்கல், அவள் பைகளில் வண்டல். என் பாத்தியில் நின்ற பைகளில் பெரும்பாலானவை வண்டல்.

அவள் விடியற்காலையில் வந்து, நான் பார்ப்பதற்குள் சீமை நாற்று இருந்த பையை எடுத்து, தன் பாத்தியிலிருந்து ஒரு நல்ல பையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்திருக்கிறாள். என் பையில் முளைத்ததைப் பிடுங்கிவிட்டு, வெறும் பையைத் தன் பாத்தியில் வைத்திருக்கிறாள். நான் திரும்பி நின்று சிரித்த அந்த வெறும் பைகள் என்னுடையவை. பாயசம் வைத்துக் கொண்டாடிய பாத்தி அவளுடையது.

உடனே ஓடிப்போய் சாரிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மூன்று நாள் சாவியை வைத்துக்கொண்டிருந்தேன். விதை அறையைத் திறந்து டப்பாக்களைத் துடைத்தேன். நாற்றுப்பண்ணையிலேயே சீமைக்கருவேல் வளர்த்தவள் என்று பேர் வந்தால், அதற்குப் பிறகு எந்த மரத்தின் பேரை நான் சொன்னாலும் யார் எழுதிக்கொள்வார்கள்? யாருக்கும் தெரியாது, அவளும் சொல்ல மாட்டாள், அப்படியே போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த மூன்று நாளும் அவள் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து பையில் மண் நிரப்பினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. மத்தியானம் தண்ணீர் குடத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் சாவியை ஆயுசுக்கும் வைத்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு போய் சார் மேசைமேல் வைத்தேன். வாடியிருந்தாலும் அவருக்குப் பார்த்ததும் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், சின்ன விதைகள் கையில் பட்டதையும் சேர்த்து. அவர் ஒரு நாற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பாத்தி யாரோடது?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டுமே அம்சாவோடது சார்."

சாவியை மேசைமேல் வைத்தேன். சார் அம்சாவைக் கூப்பிட்டு அதை அவள் கையில் கொடுத்தார். என்னைப் போகச் சொல்லவில்லை, நோட்டு எழுதும் வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு அதே நாலு பெண்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அம்சா, "உடுக்கா, அவரு உங்க ஆட்ட மேய்ச்சவருதான" என்றாள். அது எனக்கு மன்னித்தது போலவே இல்லை.

அன்று மத்தியானம் அவள் கிளம்பியபோது நானும் கூட நடந்தேன். ஆடுகளைப் பார்க்க அவள் ஏரிப் பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் கேட்டேன்.

"ஏன் அம்சா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க கேப்பீங்களாக்கா?"

"அப்ப சாருகிட்ட சொல்லியிருக்கலாம். சாவி உனக்கு வந்திருக்கும்."

"பலகையில உங்க பேரு எழுதிக்கினு இருந்துது. அதுக்குக் கீழ போய் சீமக்கருவேல் நின்னா, வரவன் போறவன்லாம் சிரிப்பான். ஒம்போது வருசம் நோட்டு எழுதுனவங்க நீங்க. சாவி இன்னாக்கா சாவி." ஆடு ஒன்று கத்தியது. "தோ வரேன்" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

வெறும் பைகளில் அம்சா மறுபடி விதை போட்டு வளர்க்க, ஐப்பசியில் ஏரியில் மூன்றாயிரமும் வைத்தாயிற்று. யார் கேட்டாலும் சார், "அம்சாவ கேளுங்க" என்கிறார். இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கைராசிக்கும் சாவிக்கும் எரிந்ததெல்லாம் எவ்வளவோ தேவலாம், அவற்றை முயன்றால் ஒருவேளை நானும் அடைந்துவிடலாம். இப்போது எரிவது வேறு. என் பாத்தியில் அவள் பார்த்ததை அவள் பாத்தியில் நான் பார்த்திருந்தால், ஒரு நாற்றைக்கூடப் பிடுங்கியிருக்க மாட்டேன். நன்றாக வளரட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று தண்ணீர் ஊற்றியிருப்பேன்.